நிப்பாட்டச் சொன்னது

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் களஞ்சிய வளவில் யாரும் வாயை அதிகம் திறப்பதில்லை. மேற்கிலிருந்து சூடாக அடிக்கும் அந்தக் காற்று, கோதுமைத் தூசியையும் உரத் தூசியையும் அள்ளி வந்து பல்லில் ஒட்டிவிடும். லொறி நிறுக்கும் தராசடியில் இருந்த நிவேதிகா, யன்னலை இறுக்கிச் சாத்திவிட்டுக் கையால் சைகை காட்டித்தான் சாரதிகளை முன்னுக்கு வரவும் பின்னுக்குப் போகவும் வைத்தாள். சாரதிகளும் பழகியிருந்தார்கள். யாராவது புதியவன் வந்து ஹோர்ன் அடித்தால் பழையவர்கள் அவனைத் திட்டினார்கள்.

பகலில் தராசு, பின்னேரம் கூடைப்பந்து. அவளையும் வேறு ஐந்து பெண்களையும் அந்த நிறுவனம் வேலைக்கு எடுத்ததே பந்து விளையாடத் தெரிந்ததால்தான். வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் வேலை. நிறுவனங்களுக்கிடையிலான போட்டியில் மூன்று வருடங்களாகக் கிண்ணம் திருகோணமலைக்கே வந்தது. இந்த முறையும் வந்தால் ஆறு பேருக்கும் வேலை நிரந்தரம், வராவிட்டால் அணியைக் கலைத்துவிடுவது என்று கொழும்புத் தலைமை அலுவலகம் தை மாதமே சொல்லியிருந்தது. கிண்ணம் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பயிற்றுவிப்பாளர் ஸெய்னுதீன் மாஸ்டர் இருந்தார்.

அன்று பின்னேரம் அவள் மைதானத்துக்குப் போனபோது, ஊருக்குள் திரியும் மான்கள் நடுக்கோட்டில் படுத்திருந்தன. வழமையாக மாஸ்டர் முதலே வந்து அவற்றைக் கலைத்து, புழுக்கையைக் கூட்டி ஒதுக்கியிருப்பார். அன்று புழுக்கை அப்படியே கிடந்தது. பந்து வைக்கும் அறை பூட்டியிருந்தது. ரிப்கா படியில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, கட்டுற நேரத்தில அவிழ்க்கிறாய்? மாஸ்டர் எங்க?"

"என்னட்டையா கேக்கிறீங்க அக்கா? வீட்ட போய் உங்கட மனிசனிட்டக் கேளுங்க."

"அவருக்கு என்ன?"

"காலையில வந்து மாஸ்டரிட்ட இருந்து பந்தறைத் திறப்பை வாங்கிக்கொண்டு போயிட்டார். மாஸ்டரை நிப்பாட்டியாச்சாம்."

"விளையாடாத ரிப்கா."

"வல்லாஹி அக்கா. காவல்காரர் பாத்துக்கொண்டு நிண்டவர். மாஸ்டர் ஒண்டும் பேசல்லையாம். விசிலையும் கழட்டி மேசையில வெச்சிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போயிட்டாராம்."

மற்றப் பெண்கள் நிவேதிகாவைப் பார்த்தார்கள். அவளுக்கு முன்னமே தெரியும் என்று நினைக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. ஒரு மான் எழும்பி, உடம்பை உலுப்பி, மறுபடி படுத்தது.

வீட்டில் இராகுலன் குசினியில் சம்பலுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தான். அவன் நிறுவனத்தின் நலன்புரி அலுவலர், விளையாட்டுச் செயலாளரும் அவன்தான். கலியாணம் செய்து இரண்டு வருடத்தில் தான் கேட்காமல் அவன் தேங்காய் திருவியதை அவள் கண்டதில்லை.

"மாஸ்டரை நீங்களோ நிப்பாட்டினனீங்கள்?"

"நானில்லை. பெரியவர் சொன்னவர்."

பெரியவர் என்றால் கனகசுந்தரம். துறைமுகக் களஞ்சியத்தின் முகாமையாளர்.

"என்ன சொன்னவர்?"

"கொழும்பில நிண்டு போன் எடுத்தவர். 'ஸெய்னுதீனை இண்டைக்கே நிப்பாட்டும், மிச்சத்தை வந்து கதைப்பம்' எண்டார். பேந்து லைன் கட்டாகிட்டுது."

"ஏன் எண்டு கேக்கேல்லையோ?"

"பெரியவர் சொன்னால் ஏன் எண்டு கேக்கிறதே?"

"திருப்பி எடுத்துக் கேட்டிருக்கலாம். மூண்டு கிண்ணம் கொண்டுவந்த மனிசன்."

"அந்தக் கிண்ணம்தான் அவருக்குத் தலைக்கு ஏறினது. ஆரையும் மதிக்கிறாரே? போன கிழமை என்னைப் பாத்து, உந்தச் சப்பாத்தோட உள்ள வராதீங்க எண்டார். பெட்டையள் எல்லாருக்கும் முன்னால. பெட்டையள் சிரிச்சவளவை. நீரும் சிரிச்சனீர்."

"புதுசாப் பெயின்ற் அடிச்ச தரை. நீங்கள் கந்தோருக்குப் போட்டுப்போற சப்பாத்தோட நிண்டனீங்கள்."

"நான் விளையாட்டுச் செயலாளர்."

"அதுக்கு?"

அவன் சிரட்டையில் வெள்ளை முடிந்த பிறகும் திருவினான். சம்பலில் சிரட்டைத் தும்பு விழுந்தது. அவள் பிட்டை வெறுமையாகத் தின்றாள்.

"எங்களுக்கு என்ன நடக்கும் எண்டு யோசிச்சனீங்களோ?" என்று கை கழுவும்போது கேட்டாள்.

"வேற ஆள் வருவினம். பந்து அதேதானே. கூடையும் அதே இடத்திலதானே நிக்குது."

கனகசுந்தரம் கிழமை தொடங்கியதும் கொழும்பிலிருந்து வந்தார். காரைத் தராசடியில் நிறுத்திவிட்டு நேரே நிவேதிகாவின் அறைக்குள் வந்தார். அங்கே மட்டும்தான் குளிரூட்டி ஒழுங்காக வேலை செய்தது. இராகுலன் பின்னால் ஓடிவந்தான்.

"எங்க, ஸெய்னுதீனைக் கூப்பிடும்."

"ஆள் இல்லை சேர்."

"இல்லையோ? நான் உம்மை நிப்பாட்டச் சொன்னனான் எல்லோ?"

"ஓம் சேர். நிப்பாட்டிட்டன்."

"அப்ப ஆள் எங்க?"

"நிப்பாட்டினபடியால் போயிட்டார் சேர்."

"நிப்பாட்டினால் எப்பிடியப்பா போவார்?"

வெளியே உர லொறி ஒன்று தராசில் ஏறி நின்றது. நிவேதிகா கையைக் காட்ட மறந்துபோனாள். சாரதி ஹோர்ன் அடித்தான்.

"கொழும்பில ஒரு வங்கிக்காரர் தங்கட அணிக்கு அவரைக் கேட்டுத் திரியினம்," என்றார் கனகசுந்தரம், ஒவ்வொரு சொல்லாக. "அங்க போக முன்னம் ஆளை மறிச்சு வையும் எண்டு சொன்னனான். நிப்பாட்டும் எண்டு சொன்னது அதுக்கு. சம்பளத்தைக் கூட்டிறதுக்கு ஒப்புதல் எடுத்துக்கொண்டெல்லோ வந்து நிக்கிறன்."

"நீங்கள் போகவிடாமல் எண்டு சொல்லேல்லை சேர். நிப்பாட்டும் எண்டுதான் சொன்னனீங்கள்."

"மூண்டு கிண்ணம் எடுத்த ஆளை வேற என்னத்துக்கு ஐசே நிப்பாட்டுறது?"

இராகுலனின் காது சிவந்தது. நிவேதிகா எழும்பி யன்னலைத் திறந்து சாரதியைப் போகச் சொன்னாள். தூசி உள்ளே வந்தது.

"இப்பவே போன் பண்ணி வரச் சொல்லுவம் சேர்," என்றாள்.

கனகசுந்தரம் இராகுலனைப் பார்த்தார். இராகுலன் நிலத்தைப் பார்த்தான். அவன் அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்கும் அறிவித்துவிட்டிருந்தான். வெளி ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது பிடிக்காத பணிப்பாளர் ஒருவர் அங்கே இருந்தார். நல்ல முடிவு என்று முகாமையாளரைப் பாராட்டி, தனக்குத் தெரிந்த ஒருவரைப் பயிற்றுவிப்பாளராக அனுப்புவதாகவும் இராகுலனிடமே சொல்லியிருந்தார். அதையும் இராகுலன் இப்போதுதான் சொன்னான்.

"இனி நான் போய் அந்தப் பணிப்பாளரிட்ட, நான் ஒண்டு சொல்ல என்ர ஆள் ஒண்டு விளங்கிப்போட்டார் எண்டு சொல்லுறதோ? உமக்கு மட்டுமில்லை, எனக்கும் கதிரை இல்லாமப் போகும்," என்றார் கனகசுந்தரம். "கதை இதுதான். ஸெய்னுதீன் தானா விலகினவர். விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு சேர்."

"இந்த முறை வடிவா விளங்கும்."

புதிய பயிற்றுவிப்பாளர் நல்ல பிள்ளை. கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழர். பெண்களை மிஸ் என்று கூப்பிட்டார். கணினியைத் திறந்து, யார் எங்கே ஓட வேண்டும் என்று புள்ளி புள்ளியாகக் காட்டினார். மான்களைப் படம் எடுத்தார். ஆனால் அவருடைய விளையாட்டு முழுவதும் கூரைக்குக் கீழே கற்ற விளையாட்டு. தூரத்தில் நின்று எறியச் சொன்னார். மாஸ்டர் கச்சான் காலத்தில் தூரத்து எறிதலைத் தொடவே விடமாட்டார். பந்தை இடுப்புக்கு மேல் உயர்த்தாமல் கொடுத்துக் கொடுத்துக் கூடைக்கு அடியில் கொண்டுபோக வேண்டும். காற்று விழும் நேரம் பார்த்து அவர் விசில் ஊதுவார். அதற்குப் பிறகுதான் எறியலாம்.

மட்டக்களப்பிலிருந்து வந்த அணியோடு சொந்த மைதானத்தில் முதல் போட்டி. முந்திய வருடம் இவர்கள் சிரித்துக்கொண்டே தோற்கடித்த அணி. இடையில் தண்ணீர் குடிக்கும்போது நிவேதிகா புதியவரிடம் போனாள்.

"சேர், கச்சான் எல்லோ. தூரத்திலயிருந்து எறிய ஏலாது."

அவர் புன்னகைத்தார். "முதல்ல மேட்ச் முடியட்டும் மிஸ். எல்லாருக்கும் வாங்கித் தாறன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மைதான வாசலில் வண்டில்காரன் வறுத்த நிலக்கடலையை 'கச்சான், கச்சான்' என்று கூவிச் சுருளில் கட்டி விற்றுக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

"அந்தக் கச்சான் இல்லை சேர். காத்து. இந்தக் காத்து."

"காத்து ரெண்டு டீமுக்கும் ஒண்டுதானே மிஸ். ப்ளானை மாத்தாதீங்க."

ரிப்கா வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். அழுவதற்குப் பதிலாகச் சிரித்தாள் என்றும் சொல்லலாம். அவர்கள் எறிந்த பந்துகள் கூடைக்குக் கிழக்கே போய் விழுந்தன. மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குக் கச்சானைத் தெரியும். அவர்கள் பந்தைத் தாழ்வாக வைத்துக்கொண்டு அடியில் போனார்கள். சீமெந்துப் படியில் இருந்து பார்த்த களஞ்சியத் தொழிலாளர் ஆட்டம் முடிய முதலே எழும்பிப் போனார்கள். ஒருவர் போகும்போது இராகுலனைப் பார்த்து, "என்ன தம்பி, கூடை இடம் மாறிட்டுதோ?" என்று கேட்டார். இராகுலன் குசினியில் சொன்னது அவருக்குத் தெரியாது. அவர் சும்மாதான் கேட்டார்.

இன்னொன்று தோற்றால் அரையிறுதி இல்லை. அடுத்த கிழமை முழுவதும் கொழும்பில் வேலை இருப்பதாகவும் சனிக்கிழமை நேரே போட்டிக்கு வருவதாகவும் சொல்லிவிட்டுப் புதியவர் ரயில் ஏறினார்.

அடுத்த நாள் கனகசுந்தரம் இராகுலனைக் கூப்பிட்டார். போய் ஸெய்னுதீனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். கொழும்புக்கு, தானாக விலகியவர் தானாகத் திரும்பி வந்தார் என்று சொல்லலாம். பிழை களஞ்சியத்தின் பக்கம் என்று மட்டும் எந்த வாயிலும் வரக்கூடாது.

நிவேதிகாவும் கூடப் போனாள். கிண்ணியாப் பாலத்தில் காற்று மோட்டார்சைக்கிளை ஒரு பக்கமாகத் தள்ளியது.

மாஸ்டர் வீட்டுக் கிணற்றடியில் குந்தியிருந்து கணவாய் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். கை முழங்கை வரை மை.

"வாங்க, வாங்க. கை தர ஏலா. இரிங்க. ஜெமீலா, ஆக்கள் வந்திரிக்காங்க."

அவர் மனைவி ஜெமீலா கதிரைகளைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டாள். "கூட்டிக்கிட்டுப் போறத்துக்கா வந்தீங்க மகள்? நல்லது. மூணு வருஷமாப் பின்னேரத்தில வீட்ட இரிக்காத மனிசன். இப்ப குசினிக்குள்ள எனக்குப் பின்னால நிண்டு, உப்பு கூட, புளி குறைய, அடுப்பைக் குறை எண்டு எனக்கு கோச்சிங் தாறார். விசில் மட்டும்தான் இல்ல."

மாஸ்டர் சிரித்தார். நிவேதிகா சிரித்தாள். இராகுலன் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர், அண்டைக்கு நடந்தது..." என்று தொடங்கினான்.

"கேள்விப்பட்டன். நிப்பாட்டச் சொன்னது மறிக்கச் சொல்லியாம். தராசடியில நிண்ட லொறிக்காரன் வந்து சொல்லிச் சிரிச்சான்." கணவாய்க்குள் இருந்த ஓடு ஒன்றை இழுத்து வெளியே எடுத்தார். "கொழும்பு பேங்க்காரன் கேட்டதுதான். அண்டைக்குக் காலையிலயே ஏலா எண்டு அவனுக்குச் சொல்லிட்டுத்தான் வேலைக்கி வந்தன். இந்தப் பிள்ளைகளிட வேலை நிரந்தரமாகட்டும், அதுக்குப் பொறகு பாப்பம் எண்டு. வந்து விசிலைப் போடுறன், இவர் வந்து திறப்பைக் கேக்கிறார்."

"ஏன் மாஸ்டர் ஒண்டும் சொல்லாமப் போனனீங்கள்?" என்றாள் நிவேதிகா.

"என்னத்தைச் சொல்றது மகள்? இவர் கேட்ட விதம் அப்பிடி. காத்திட்டு இரிந்த மாதிரி."

இராகுலன் நிமிர்ந்தான்.

"திரும்பி வாங்கோ மாஸ்டர். சம்பளமும் கூட்டித் தருவினம்," என்றான்.

"சல்லிக் கதைய விடுங்க. சல்லிக்காகப் பிள்ளைகளை நட்டாத்தில விட்டுட்டுக் கொழும்புக்கு ஓடப் பாத்தவன் எண்டு கிண்ணியா முழுக்கக் கதை. தானா விலகினவர், அதாலதான் திறப்பை வாங்கினது எண்டு உங்கட ஒபிசிலதான் சொல்றாங்களாம். ரிப்காட உம்மா மீன் கடையில என்னைக் கண்டுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறா." அவர் தண்ணீரை ஊற்றிக் கையைத் தேய்த்தார். மை போகவில்லை. "நான் வாறன். நாளைக்கே வாறன். ஒண்டே ஒண்டு. பிள்ளைகளுக்கு முன்னால நிண்டு, நான் பிழை விட்டுட்டன் எண்டு ஒரு வார்த்தை நீங்க சொல்லணும். பெரியவரை இழுக்கத் தேவையில்ல. உங்கட பிழைய மட்டும்."

"சொல்லுவார் மாஸ்டர்," என்றாள் நிவேதிகா.

"அவர் சொல்லட்டும்."

"சொல்லுறன்," என்றான் இராகுலன்.

ஜெமீலா கணவாய்க் கறியோடு சோறு தந்தாள். உப்பு சரியாக இருந்தது.

திரும்பி வரும்போது பாலத்தில் அவள் காற்றுக்கு மேலால் கத்திக் கேட்டாள். "நாளைக்குப் பெரியவரும் நிப்பாரோ?"

"நிப்பார்."

"அவருக்கு முன்னால சொல்லுவீங்களோ?"

"சொல்லுறன் எண்டு சொன்னனான் எல்லோ," என்று அவனும் கத்தினான்.

மறுநாள் பின்னேரம் எல்லோரும் மைதானத்தில் நின்றார்கள். மாஸ்டர் மோட்டார்சைக்கிளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு அதன் மேல் சாய்ந்து நின்றார். உள்ளே வரவில்லை. கனகசுந்தரம் கார்க் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தபடி இருந்தார். பெண்கள் வரிசையாக நின்றார்கள். இராகுலன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடுவில் போய் நின்றான். தரை இன்னும் சுட்டது. கால் மாற்றி மாற்றி நின்றான்.

"பிள்ளையள், மாஸ்டர் திரும்பி வாறார். அது எங்கள் எல்லாருக்கும் சந்தோசம். இடையில ஒரு விளக்கக் குறைவு நடந்திட்டுது..."

அவன் கார்ப் பக்கம் பார்த்தான்.

"ஆரால?" என்று கேட்டார் மாஸ்டர். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அது... போன் லைன் சரியில்லை. ரெண்டு பக்கமும் கொஞ்சம்..."

"என்ர பக்கம் என்ன பிழை தம்பி?"

"உங்கட பக்கம் எண்டு நான் சொல்லேல்லை மாஸ்டர். பிழை ஒண்டு நடந்திட்டுது எண்டுதான்..."

"நடந்தது தெரியும். ஆர் விட்டது?"

இராகுலன் வாயைத் துடைத்தான். நிவேதிகா அவனுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ற சொல்லுக்கு அவன் வாய் திறந்தது. கனகசுந்தரம் காருக்குள் இருந்து இருமினார். வாய் மூடியது.

அவளால் பொறுக்க முடியவில்லை.

"இவர்தான்," என்றாள் சத்தமாக. "பெரியவர் நிப்பாட்டச் சொன்னது, மாஸ்டரைப் போகவிடாம மறிச்சு வைக்கச் சொல்லி. இவர் வேலையால நிப்பாட்டிட்டார். மாஸ்டர் எங்களை விட்டுட்டுப் போகேல்லை."

முதலில் ரிப்கா சிரித்தாள். அவளால் அடக்க முடியவில்லை. மற்றவர்களுக்கும் தொற்றியது. ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தினாள். கனகசுந்தரம் காலை உள்ளே இழுத்துக் கதவை அடித்துச் சாத்தினார். கார் களஞ்சியத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

மாஸ்டர் சிரிக்கவில்லை.

"நீங்க சொல்லத் தேவையில்ல மகள். எனக்கும் தெரியும், இப்ப பிள்ளைகளுக்கும் தெரியும். அது போதும்." ஹெல்மெட்டை எடுத்தார். "ஆனா இவர் கையில திறப்பு இரிக்கும்வரைக்கும் நான் இதுக்குள்ள வேலை செய்ய ஏலா. இண்டைக்கு வாயால வராத ஆள், நாளைக்கு ஒரு ஆட்டம் தோத்தா என்னைத்தான் காட்டுவார்."

"மாஸ்டர், சனிக்கிழமை ஆட்டம்," என்றாள் ரிப்கா. சிரித்த கண்ணீர் இன்னும் கன்னத்தில் இருந்தது.

"தெரியும்."

மோட்டார்சைக்கிள் கேற்றைத் தாண்டியது. பெண்கள் அது போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இராகுலன் நிவேதிகாவிடம் வந்தான். "நான் சொல்லியிருந்தால் என்ர வேலை போயிருக்கும். நீர் பெரியவரையும் இழுத்துப்போட்டீர். இனி அவர்..."

"உங்கட வேலை போகாது," என்றாள். "ஆறு பேரின்ர வேலை போகுது."

"நிவே..."

"பந்தறையைத் திறந்து விடுங்கோ."

அவன் திறந்து விட்டான். அவள் பந்துகளை வெளியே உருட்டினாள். மாஸ்டர் முதலில் ஓட வைப்பார், பிறகு இரண்டு இரண்டு பேராகக் கொடுத்து வாங்க வைப்பார். அதற்குப் பிறகு எதைச் செய்விப்பார், எவளுக்கு எதிராக எவளை விடுவார் என்பது காற்றையும் அன்றைய களைப்பையும் பார்த்து அவர் தலைக்குள் முடிவெடுப்பது. அது அவளுக்குத் தெரியாது. தெரிந்த வரைக்கும் செய்யலாம் என்று நினைத்தாள்.

"வரிசையில வாங்கோ," என்றாள்.

வந்தார்கள். மெதுவாகத்தான் வந்தார்கள்.

"ஆர் அக்கா எண்ணுறது?" என்று கேட்டாள் ஒருத்தி. ஓடும்போது மாஸ்டர்தான் கோட்டில் நின்று சுற்று எண்ணுவார்.

"நான் எண்ணட்டே?" என்றான் இராகுலன், வெறுங்காலோடு கோட்டுக்கு வெளியே நின்று.

"வேணாம் அண்ணை," என்றாள் ரிப்கா. "ரெண்டு எண்டு நாங்க ஓட, நீங்க வேற ஒண்டை விளங்குவீங்க."

யாரோ சிரித்தார்கள். நிவேதிகா சிரிக்கவில்லை. ஒன்று என்று தானே உரத்துச் சொல்லி, காற்றுக்கு எதிராக ஓடத் தொடங்கினாள்.